சேதாரம் இல்லை

அந்தக் கைப்பேசி விளையாட்டைத் தமிழில் மாற்றிக் கொடுத்தவர் யாரென்று இன்றுவரை ஊதுகுழல் சந்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவருக்கு மாலை போட்டிருப்பார்களா, செருப்பைக் கழற்றியிருப்பார்களா என்பதும் தெரியாது. எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு, ஓர் அடி விழுந்தால் எதிராளிக்கு எவ்வளவு கேடு என்பதைக் காட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன சொல் போடலாம் என்று அந்த மனுசன் யோசித்திருக்கிறார். சேதம் என்று போட்டிருந்தால் கதை இல்லை. அன்றைக்குத்தான் அவர் வீட்டில் நகை எடுத்துவிட்டு வந்தார்களோ என்னவோ, 'சேதாரம்' என்று போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

மற்ற ஊர்களில் இதனால் ஒன்றும் ஆகவில்லை. சென்னையிலும் திருச்சியிலும் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த அரக்கனை வெட்டப் போனார்கள். ஆனால் கோயம்புத்தூரில் அந்தச் சந்து இருக்கிறதே, அது முழுக்க நகைப் பட்டறை. காலையில் எழுந்ததிலிருந்து அராவுவதும் உருக்குவதும் பற்றவைப்பதுமாக இருக்கிற ஜனம். அவர்களுக்குச் சேதாரம் என்பது விளையாட்டு இல்லை. நகை செய்யும்போது அரத்தின் பல்லிலும் நெருப்பின் வாயிலும் காணாமல் போகிற தங்கம்தான் சேதாரம். அது அடிவாங்குகிறவனிடமிருந்து போவதல்ல, அடிக்கிறவன் கையிலிருந்து போவது. அந்தச் சந்தில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். அதனால் 'அசுரக் கோடரி: சேதாரம் மிக அதிகம்' என்று கைப்பேசியில் எழுத்து வந்ததும், சந்து மொத்தமும் அந்தச் சொல்லைத் தனக்குத் தெரிந்த மாதிரியே படித்துக்கொண்டது. வெறுமனே படித்திருந்தால் பரவாயில்லை, நம்பியும் தொலைத்தது.

அந்தச் சந்தில் ஆயுதங்களை ஒப்பிட்டுச் சொல்வதற்கென்றே ஒருத்தி இருந்தாள். பெயர் சாருலதா. உடுமலைப் பக்கத்துப் பெண். அப்பா பஸ் கண்டக்டர். ஜிமிக்கி வேலை செய்கிற தண்டபாணியைக் கட்டிக்கொண்டு சந்துக்கு வந்தவள். பகலில் சேலைகளுக்கு ஃபால்ஸ் அடிப்பாள். மீதி நேரத்தில் 'ஏழு கோட்டை' என்ற அந்த விளையாட்டுக்குள் போய், பயிற்சி மைதானத்தில் நிற்கிற வைக்கோல் பொம்மையை ஒவ்வோர் ஆயுதமாக எடுத்து அடித்துப் பார்ப்பாள். கோட்டை பிடிக்கவோ புதையல் எடுக்கவோ அவளுக்கு ஆசை கிடையாது. எந்த ஆயுதம் தேறும், எது வெறும் பகட்டு என்று தெரிந்துகொள்வதில்தான் அவளுக்கு நிம்மதி. வேலைக்கு நடுவே கைப்பேசியைத் தட்டுகிற பட்டறை ஆட்கள் எல்லோரும் சந்தின் வாட்ஸப் குழுவில் அவளைத்தான் கேட்பார்கள்.

"அடி எவ்வளவு பெருசுன்னு பாக்காதீங்க," என்று குரல் பதிவு அனுப்புவாள். "கோடரி அடிச்சா எண்ணு பெருசாத்தான் வரும். ஆனா அடுத்த அடிக்கு அதைத் தூக்கறதுக்குள்ள நீங்க ஒரு டீயே குடிச்சுட்டு வந்திரலாம். குறுவாள் சின்ன அடி, ஆனா படபடன்னு விழும். அது உங்க தெம்பை உறிஞ்சிப்போடும். மூச்சுக்கு எத்தனை அடி, அடிக்கு எவ்வளவு தெம்பு போகுது, அதைப் பாருங்க. அப்படிப் பாத்தா ஈட்டிதான் நல்லதுங்."

இந்த ஒப்பீட்டில் அவளுக்கு ஏன் அத்தனை பிடிப்பு என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும், சொல்கிறேன். இன்றைக்கு அடித்தால் என்ன எண் வருகிறதோ அதே எண் நாளைக்கும் வருகிற ஓர் உலகம் அது. நிஜ வீட்டில் அப்படி இல்லை. அங்கே ஒரே சொல் ஒருநாள் பூவாக விழும், இன்னொருநாள் மண்டையை உடைக்கும். குழந்தை இல்லாத வீட்டில், விசாரிக்க வருகிறவர்கள் சும்மா விடுகிற பெருமூச்சுகூட எங்கே வந்து விழும் என்று கணக்குப் போட முடியாது. பொம்மை அப்படி ஏமாற்றாது.

விளையாட்டில் தமிழ் வந்த மறுநாள் காலையில் முதல் பொடி விழுந்தது. நஞ்சப்பாச்சாரி பட்டறையில் ஒருவன் வளையலைக் கோணலாக்கிவிட்டான். நஞ்சப்பாச்சாரி வழக்கம்போல அவனைப் பெற்றவளையும் வளர்த்தவளையும் இழுத்து ஒரு பாட்டம் திட்டினார். திட்டி முடிப்பதற்குள் அவருடைய காது மடலிலிருந்தும் முழங்கையிலிருந்தும் அராப்பொடி மாதிரி ஒன்று மெல்ல உதிர்ந்து, மடியில் விரித்திருந்த தோலின்மேல் விழுந்தது. ஒரு பத்தர் என்ன செய்வாரோ அதைத்தான் அவர் செய்தார்: திட்டுவதை நிறுத்தினார், மடியை அசைக்காமல் தூரிகையை வாங்கிப் பொடியைக் காகிதத்தில் கூட்டினார், உரைகல்லில் தேய்த்தார், மேலே ஒரு சொட்டு அமிலம் விட்டார். கோடு பித்தளைபோல அழியவுமில்லை, தங்கம்போல மஞ்சளாக நிற்கவுமில்லை; அரிசி கழுவின தண்ணீரின் நிறத்துக்கு மாறிச் சும்மா இருந்தது.

"தங்கமில்ல. பித்தளையுமில்ல," என்றார் நஞ்சப்பாச்சாரி. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "என்னோடது," என்றார்.

அன்று மாலைக்குள் சந்துக்கே விளங்கிவிட்டது: யார் யாரை அடித்தாலும், கையால் என்றாலும் வாயால் என்றாலும், அடித்தவரிடமிருந்து சேதாரம் உதிரும். யாரும் ஜோசியரிடம் ஓடவில்லை, பத்திரிகைக்காரர்களையும் கூப்பிடவில்லை. தினமும் பட்டறைத் தரையைப் பெருக்கி, கை கழுவின தண்ணீரைக்கூடத் தேக்கி வைத்து வடிகட்டுகிற ஜனத்துக்கு, உதிர்வதைக் கூட்டி எடுப்பது புதிதா என்ன? பெண்கள் சண்டைக்குப் போகும்போது பழைய செய்தித்தாள் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், காலடியில் விரித்துக்கொண்டு ஆரம்பித்தார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள் போன பிறகு கூடத்தைப் பெருக்கிப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்த பக்கம் எவ்வளவு கிடக்கிறது என்பதை வைத்துச் சம்மதமா இல்லையா என்று முடிவு செய்தார்கள். வங்காளத்திலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் தங்கள் பாஷையில் திட்டிப் பார்த்தார்கள், அதற்கும் உதிர்ந்தது. கன்னத்தில் அறைந்தால் ஒரு கரண்டி, செத்துப்போன தகப்பனை இழுத்துத் திட்டினால் அரைக் கரண்டி, கிண்டலுக்கு ஒரு சிட்டிகை, ஆனால் கிண்டல்பொடி சட்டையில் ஒட்டிக்கொண்டு துவைத்தாலும் போகாது. இப்படியாக எல்லாமே பழகிப்போயிற்று.

பழகாத ஒன்று மட்டும் இருந்தது. உதிர்ந்தவர்கள் கனம் குறைந்தார்கள். மோதிரம் கழன்றது, செருப்பு தொளதொளத்தது, நடந்தால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. சந்தின் கோடியில், பொதுச்சுவரில் பதித்த ஒரு தண்ணீர்க் குழாய்க்காகத் தம்பி குழந்தைவேலுவோடு ஓயாமல் சண்டை போடுகிற வேலாயுதாச்சாரி, ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று கிளம்பி வந்தபோது, சட்டைப் பையிரண்டிலும் எடைக்கற்களைப் போட்டுக்கொண்டு, மின்கம்பம் மின்கம்பமாகப் பிடித்து நடக்க வேண்டியதாயிற்று. அப்படியும் ஒவ்வொரு கம்பத்தடியிலும் நின்று தம்பியைத் திட்டிவிட்டுத்தான் அடுத்த கம்பத்துக்குப் போனார்.

அப்போதுதான் எல்லோரும் சாருலதாவிடம் வந்தார்கள். சண்டையை விட முடியாது. கனமும் போகக் கூடாது. குறைந்த சேதாரத்தில் நிறைய வலிக்கிற ஆயுதம் எது? இந்த மாதிரிக் கேள்வியைச் சந்தில் வேறு யாரிடம் கேட்பது?

"சாருக்கா, பொம்மையை அடிச்சுப் பாத்துச் சொல்ற மாதிரியே இதையும் சொல்லிப்போடுங்க," என்றாள் பக்கத்து வீட்டுத் துளசிமணி. அவளுக்கு மாமியாரோடு அவசரம்.

சாருலதா மறுக்கவில்லை. மறுப்பாளா? முதல்முறையாக நிஜ உலகம் அவள் மைதானத்துக்குள் வந்து நிற்கிறது. அவள் சண்டைகளுக்குப் போய் ஓரமாக நின்று பார்த்தாள். யாருக்கு முகம் சுண்டுகிறது, எவ்வளவு நேரத்துக்குச் சுண்டுகிறது, எவ்வளவு பொடி விழுகிறது என்று மனசில் வாங்கினாள். பிறகு குழுவில் சொன்னாள்: "கத்தறது கோடரி மாதிரி, சேதாரம் ஜாஸ்தி, பலன் கம்மி. பழசைக் குத்திக்காட்டறது தேவலை. அதைவிட, 'சரிங்க, உங்க இஷ்டம்'னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போங்க. கால் சிட்டிகை கூட உதிராது. எதிராளிக்கு ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது." சந்து முழுக்க 'உங்க இஷ்டம்' பரவியது. துளசிமணியின் மாமியார் படுத்துவிட்டாள்.

தண்டபாணி இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பான். நல்லவன்தான், அதில் சந்தேகம் வேண்டாம். குனிந்து ஊதுகுழலில் ஊதும்போது கன்னம் இரண்டும் உப்பி அவன் குழந்தை மாதிரி ஆகிவிடுவான். அதைப் பார்ப்பதற்கென்றே சாருலதா பட்டறை வாசலில் சும்மா போய் நிற்பாள். "என்ன அம்மிணி?" என்பான். "ஒன்னுமில்லீங்," என்பாள். அவள் அவனைக் கூப்பிடுவது 'ஏனுங்' என்று. மற்ற ஊர்களில் 'ஏங்க' என்பதைக் கொங்கு நாட்டில் 'ஏனுங்க' என்பார்கள், அதிலும் கடைசி எழுத்தை மரியாதையாக விழுங்கிவிடுவார்கள். அந்த ஏனுங்கில் அவள் நூறு விஷயம் சொல்வாள்: சாப்பாடு ஆயிற்று, மழை வருகிறது, கோபமாக இருக்கிறேன், கோபம் போய்விட்டது.

ஆவணி பிறந்ததும் தண்டபாணியின் சித்தப்பா மகள் வளைகாப்புக்குப் போனார்கள். கூடம் நிறையச் சொந்தபந்தம். கலந்த சாதம் பரிமாறும்போது ஒரு மாமா, பல்லைக் குத்திக்கொண்டே, "ஏப்பா தண்டபாணி, உன்ற வீட்டுல எப்ப?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக அவனுக்கும் ஒரு வழி வேண்டும். சட்டென்று வந்ததைச் சொன்னான்: "அவளுக்குப் பொம்மையை அடிக்கவே நேரம் பத்தலீங் மாமா. இதுல புள்ளை வேற எங்க?"

கூடம் சிரித்தது. சாருலதா, கையில் அப்பளக் கூடையோடு, அவன் தோளைப் பார்த்தாள். முழங்கையைப் பார்த்தாள். காது மடலைப் பார்த்தாள். ஒரு துளி உதிரவில்லை. இத்தனை பெரிய அடி, அவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அவன் தெரியாமல் அடித்தான், தெரியாமல் அடித்ததற்கு உதிராது என்று நீங்களும் நானும் சொல்லலாம். அவளுக்கு அப்போது அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வலி குறைந்திருக்காது. அவள் அப்பளம் போட்டு முடித்தாள், பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்தாள், வீட்டுக்கு வந்து சேலையை மாற்றினாள், அதன் பிறகு அவனோடு பேசவில்லை.

முதலில் அவன் கவனிக்கவே இல்லை. பிறகு, "என்னாச்சு அம்மிணி?" என்றான். பிறகு பூ வாங்கி வந்தான். பிறகு கோபப்பட்டு ஒரு சிட்டிகை உதிர்த்தான். பிறகு ஜிமிக்கியைப் பற்றவைக்கும்போது நெருப்பை அதிகமாக்கி ஒரு ஜோடியையே உருக்கி உருண்டையாக்கிவிட்டான். கடைசியில் அவனும் பேச்சை நிறுத்திக்கொண்டான். சாருலதா தன் பாயைத் தூக்கி உதறிப் பார்த்தாள், தலையணையைத் தட்டிப் பார்த்தாள். அவளிடமிருந்து ஒரு குருணைகூட உதிர்ந்திருக்கவில்லை. வலி ஒருபக்கம் இருக்க, அவளுக்குள் இருந்த அந்த மைதானத்துக்காரி எழுந்து உட்கார்ந்தாள். இத்தனை அடிக்கு உதிர்ந்தது ஒன்றுமே இல்லை. இப்படி ஓர் ஆயுதம் ஏழு கோட்டையிலும் கிடையாது.

குழுவில் அவள் அனுப்பிய பதிவு எல்லாவற்றிலும் இதுதான் சின்னது. "பேசாம இருங்க. சேதாரம் இல்லை."

இப்போது ஒரு விஷயம் கேட்கிறேன். நகைக்கடைகளில் 'சேதாரம் இல்லை' என்று பெரிசாகப் பலகை வைத்திருக்கிறார்களே, அதைப் பார்த்து ஊதுகுழல் சந்தில் யாராவது ஏமாறுவார்களா? பட்டறையில் இருக்கிறவனுக்குத் தெரியும், சேதாரம் இல்லாத வேலை கிடையாது. ரசீதில் எழுதாவிட்டால் அது வேறெங்கோ ஏறியிருக்கும், கல்லின் எடையைத் தங்கத்தோடு சேர்த்திருப்பார்கள். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிச் சிரிக்கிற அதே ஜனம், சாருலதா சொன்னதும் வாயை மூடிக்கொண்டது. தனக்கு லாபம் என்றால் யாருக்குத்தான் கணக்கு ஞாபகம் வருகிறது?

சந்து அமைதியாயிற்று. அரம் ராவுகிற சத்தமும் ஊதுகுழலின் உஸ்ஸென்ற சத்தமும் மட்டும் கேட்டன. மாமியாரும் மருமகளும் பேசவில்லை, பங்காளிகள் பேசவில்லை, முதலாளியும் ஆளும் ஜாடையில் வேலை பார்த்தார்கள். தவிர்க்க முடியாதபோது சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள்: "இந்த வீட்டுல காப்பி கிடைக்குமான்னு தெரியல." சுவர் பதில் சொல்லாது, காப்பி மட்டும் வந்து சேரும். துடைப்பங்களுக்கு வேலையில்லை, போன கனமும் மெல்ல மெல்லத் திரும்பியது. காற்றடித்தால் யாரும் கம்பத்தைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. வேலாயுதாச்சாரி எடைக்கற்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தித் தம்பி வீட்டு வாசலைப் பேசாமல் கடந்து போனார். சாருலதாவுக்கு வீடுவீடாகப் பலகாரம் வந்தது.

முதலில் தேய்ந்தது துளசிமணி வீட்டில். மாமியார் ஒருநாள் மனசு இளகி மருமகளைக் 'கண்ணு' என்று கூப்பிட வாயெடுத்தாள். 'ணு' என்று மட்டும் வந்தது. தொண்டைக் கட்டு என்று கற்பூரவல்லி போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தார்கள். நஞ்சப்பாச்சாரிக்கு 'மாப்ள' என்பதில் முதல் எழுத்து காணோம். காது மூக்கு தொண்டை டாக்டர் விளக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார். மற்ற சொல்லெல்லாம் சரளமாக வந்தன. அரிசி, பருப்பு, அரசியல், எல்லாம் வந்தன. பேசாதிருந்த ஆளைக் கூப்பிடுகிற அந்த ஒரு சொல் மட்டும், அரத்தில் வைத்த மாதிரி, முன்னாலிருந்து எழுத்தெழுத்தாகக் குறைந்துகொண்டு வந்தது.

வேலாயுதாச்சாரியின் தம்பி குழந்தைவேலுவுக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. உடம்பைக் கொண்டுவந்து வாசலில் கிடத்தினார்கள். வேலாயுதாச்சாரி வந்தார். சந்து முழுக்க நின்றது. அவர் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து, முகத்தைக் குனிந்து பார்த்து, வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். சிறுவயசிலிருந்து எத்தனையோ தரம் கூப்பிட்டும் திட்டியும் சொன்ன மூன்றெழுத்து அது. காற்றுதான் வந்தது. "என்ன சொல்லுவேன் நான் அவனை? என்ன சொல்லுவேன்?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். 'தம்பி' என்று எத்தனையோ பேர் எடுத்துக் கொடுத்தார்கள். அவர் காதில் அது ஏறவே இல்லை; யாரோ யாருடைய தம்பியையோ சொல்கிற மாதிரி விழித்தார். அந்தச் சொல்லை அவருக்குத் திருப்பிக் கொடுக்கக்கூடியவன் ஒருவன்தான் இருந்தான்; அவன் வாய்க்கு அரிசி போட்டுவிட்டார்கள்.

சாருலதா அங்கே நிற்க முடியாமல் வீட்டுக்கு வந்தாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை, அதுவே அவளைக் கொன்றது. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, கூப்பிட்டுப் பார்த்தாள்.

"ங்," என்று வந்தது.

அவ்வளவுதான் மிச்சம். தமிழில் எந்தச் சொல்லும் அந்த எழுத்தில் ஆரம்பிக்காது. தனியாகச் சொன்னால் முனகல் மாதிரி இருக்கும். ஏகாரமும் இல்லை, னுகரமும் இல்லை. முன்னால் என்ன இருந்தது என்றுகூட அவளுக்கு நினைவில் வரவில்லை. அந்தச் சொல்லில் சாப்பாடு ஆயிற்று, மழை வருகிறது, எல்லாம் இருந்ததே, அதெல்லாம் எங்கே போயிற்று என்று நினைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஏதும் உதிரவில்லை என்று பாயை உதறிப் பார்த்தாளே, பாயில் ஏன் விழப்போகிறது? அது உடம்பிலிருந்து போகவில்லை, சொல்லிலிருந்து போயிருந்தது.

பேச வேண்டும் என்று முடிவு செய்தாள். ஆனால் எப்படி ஆரம்பிப்பது? கூப்பிடாமல் எப்படிப் பேசுவது? அவன் குழந்தைவேலுவைத் தூக்கிக்கொண்டு போனவர்களோடு போய்வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவள் காப்பியை வைத்தாள். அவன் குடித்தான். அவள் நின்றாள். அவன் அவளை நிமிர்ந்து பார்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து, மூடிக்கொண்டான். நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அதையேதான் நினைத்தாள்.

துளசிமணிதான் வந்து சொன்னாள். "அக்கா, உங்க ஊட்டுக்காரரு திருச்சூர்ப் பட்டறைக்கு வேலைக்குப் போறாராமா. நஞ்சப்பாச்சாரிகிட்டச் சொல்லியிருக்காரு. வருசக் கணக்கில அங்கயே இருக்கறாப்புலயாம். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"எப்ப?"

"அதென்னக்கா, பையைத் தூக்கிட்டுப் போறாரே, பாக்கலியா நீங்க?"

சாருலதா தைத்துக்கொண்டிருந்த சேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். தண்டபாணி சந்து முனையை நெருங்கிவிட்டான். தோளில் பை, ஒரு கையில் தகரப் பெட்டி, அதற்குள் அவன் அரமும் ஊதுகுழலும் இருக்கும். முனையில் மெயின் ரோடு, அங்கேதான் கேரளா பஸ்கள் கிளம்புகிற உக்கடத்துக்குப் போகிற பஸ் நிற்கும். அவன் திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை. திரும்பிப் பார்த்தால் போக முடியாது என்று அவனுக்கும் தெரிந்திருக்கும்.

கூப்பிட்டாள். 'ங்' என்று வந்தது. ஆவணி முடிந்தும் அடங்காத காற்று அதை வாசற்படியிலேயே தட்டிக்கொண்டு போயிற்று. மறுபடி வாயெடுத்தாள், இப்போது அதுவும் இல்லை.

ஓடிப் பிடிக்கலாமே என்று கேட்காதீர்கள். ஓடிப்போய் முன்னால் நின்று என்ன செய்வாள், வேலாயுதாச்சாரி மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்பதற்கா? கூப்பிட்டுத் திரும்பினால்தான் அவன் திரும்பினதாக அர்த்தம். அவள் தன்னிடம் இருந்த சொல்லையெல்லாம் துழாவினாள். ரேஷன் கடையில், வங்கியில், ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதுகிறவளிடம், எங்கெல்லாமோ யார் யாரிடமோ சொல்லி, அவனிடம் மட்டும் ஒருநாளும் சொல்லாத ஒன்று கிடைத்தது. அவர்களுக்குள் புழங்காததால் அது தேயாமல் முழுசாக இருந்தது.

"தண்டபாணீ!"

சந்தில் அரங்கள் நின்றன. ஊதுகுழல்கள் நின்றன. பட்டறைப் பட்டறையாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. கட்டின புருஷனைப் பேர் சொல்லி, அதுவும் நடுத்தெருவில், அதுவும் கருமாதிகூட முடியாத சந்தில்! நஞ்சப்பாச்சாரியின் கையிலிருந்து இடுக்கி விழுந்தது. தண்டபாணி யாரோ கடன்காரன் கூப்பிடுகிறான் என்று நினைத்தவன்போலத் திரும்பினான். அவளைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்தான்.

அவள் கிட்டே போனாள். அவன் முகத்தில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்துவந்து போயிற்று. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், உதடு ஒட்டிப் பிரிந்தது, ஒன்றும் வரவில்லை.

"உனக்கும் போச்சா?" என்றாள். இத்தனை நாள் கழித்து அவனிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான், அதிலும் மரியாதை விட்டுப்போயிருந்தது, இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"போச்சு," என்றான். "அன்னைக்கே போச்சு, நீ காப்பி வெச்சுட்டு நின்னியே அன்னைக்கு. கூப்பிடலாம்னு பாத்தேன், இல்ல. கூப்பிட ஒரு சொல்லு இல்லாம உன்ற கூட ஒரே ஊட்டுல எப்படி இருக்கறது? அதான் கெளம்பிட்டேன்." பிறகு, வெட்கத்தை விட்டுக் கேட்டான்: "நான் உன்னை எப்படிக் கூப்பிடுவேன்? எனக்கு ஞாபகமே இல்ல."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. தன்னுடையது போயிருந்ததே தவிர அவனுடையது எங்கேயும் போகவில்லை; பட்டறை வாசலில் போய் நின்றபோதெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டது, அப்படியே உள்ளே இருந்தது.

"அம்மிணீம்பீங்க," என்றாள்.

"அம்மிணி," என்று அவன் சொல்லிப் பார்த்தான். மெல்ல, சூடு ஆறியதா என்று தொட்டுப் பார்க்கிறவன்போல, இன்னொரு தரம் சொன்னான். பிறகு, கேட்காமலேயே, "நீ என்னை 'ஏனுங்'கும்பே," என்றான்.

அவன் வாயிலிருந்து தன் சொல்லைக் கேட்டபோது அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை காலமும் தான் கூப்பிட்டது அவன் காதுக்கு இப்படித்தான் இருந்ததா என்று இருந்தது. அவன் அவள் குரலிலேயே சொன்னான், அவள் கடைசியில் இழுக்கிற மாதிரியே இழுத்தான். ஒரு எழுத்து குறையாமல் வைத்திருந்தான்.

உக்கடம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பையையும் பெட்டியையும் பார்த்துவிட்டு, "ஏறுங்க ஏறுங்க," என்று அவசரப்படுத்தினான். தண்டபாணி குனிந்து பெட்டியின் பிடியில் கையை வைத்தான். எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று அவன் அவளைப் பார்த்தான்.

"ஏனுங்," என்றாள் சாருலதா. முழுசாக வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சந்து மொத்தமும் பார்க்கிறது என்று தெரிந்தே, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இத்தனை நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் ஆரம்பித்தாள்: "அன்னைக்கு வளைகாப்புல அத்தனை பேரு முன்னாடி என்னைப் பத்தி அப்படிச் சொன்னீங்களே, அது எனக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரியுமாங் உங்களுக்கு?"

அவள் காது மடலிலிருந்து பொடி உதிர ஆரம்பித்தது. முழங்கையிலிருந்து உதிர்ந்தது, தலைமயிரிலிருந்து உதிர்ந்தது, கை கையாக உதிர்ந்தது. காற்று அதை அள்ளிச் சந்து முழுக்கக் கொண்டுபோயிற்று. துளசிமணி பழக்கத்தில் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, பாதி வழியில் நின்றுவிட்டாள். தண்டபாணி நகரவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. "தெரியாது அம்மிணி," என்றான். "சொல்லு."

கண்டக்டர் இரண்டு தரம் விசில் ஊதிப் பார்த்துவிட்டு, பஸ்ஸை எடுக்கச் சொன்னான். அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.